நூற்றுப் பதினேழை முகம் பார்த்துச் சொன்னவன்

தாராவியில் பத்துக்குப் பத்துத் தகரக் கொட்டகையாக வாங்கிய இடத்தில் இரண்டு மாடி எழுப்பினேன். நான்காம் வகுப்போடு நின்ற நான், மராட்டி பேசவும், இந்தியில் சண்டை போடவும், இங்கிலீஷில் எண்களும் லேபிள்களும் எழுதவும் யாரிடமும் பாடம் கேட்காமல் கற்றுக்கொண்டேன். இரண்டு பெண்களைப் பட்டதாரிகளாக்கினேன். காக்கைகூட உட்கார யோசிக்கிற கழிமுகச் சேற்றில் வரப்புக் கட்டி மூன்று நெல் வயல்களை உண்டாக்கினேன். ஒரு நெல் பூவுக்குள் இருக்கிற ஆறு மகரந்தப் பைகளைப் பூ நோகாமல் உருவி எடுக்க இந்தக் கையைப் பழக்கினேன். இரண்டே நெல்லைச் சேர்த்து, அதிலிருந்து நூற்றெண்பது குடும்பங்களைக் கிளப்பி, ஏழு தலைமுறை வளர்த்து, ஒன்றைக்கூடச் சாகவிடாமல் ஒப்படைத்தேன். உப்புத் தண்ணீரைத் தாங்குகிற குணம் நெல்லுக்குள் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று படம் போட்டார்களே, அந்தப் படம் பாழாகிக் கிடந்தபோது நிமிர்த்தியவனும் நான்தான்.

இப்படிச் சொன்னால் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடிக்கத்தான் செய்கிறேன். எனக்காக அடிக்க வேறு ஆள் இல்லை.

போன மாதம் பண்ணையில் ஒரு விழா நடந்தது. கொங்கண் கரையில் உப்பேறிப்போன நிலங்களுக்கென்று ஒரு புது நெல் வெளியாகியிருக்கிறது. அதற்காக வாசலில் கறுப்புக் கல்லில் பலகை வைத்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். திரையை விலக்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஆறு பெயர்கள். ஆறும் டாக்டர்கள். என் பெயர் இல்லை. வயலுக்கு மேலே ஒரு டிரோன் பறந்துகொண்டிருந்தது. எந்தப் பாத்தி வாடுகிறது என்று அதுவே படம் எடுத்து மார்க் போட்டுவிடுமாம். அதை ஓட்டிக்கொண்டிருந்த விஞ்ஞானிப் பெண், “இனிமேல் யாரும் வெயிலில் நிற்க வேண்டாம் காகா” என்று இந்தியில் சொன்னார். காகா என்றால் சித்தப்பா, அங்கே வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டிரோன் பார்க்கிற நெல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ‘உழைப்பு அனுபவம்’ எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விழா முடிந்து வீடு வந்ததும் அவருக்குப் போன் போட்டு, எழுதுகிறேன் என்றேன். பண்ணையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. செம்பூரைத் தாண்டி, தேவ்நார் பக்கம், கழிமுகத்தை ஒட்டி இருக்கிற ஆராய்ச்சிப் பண்ணை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பதினேழு வயதில் பம்பாய் வந்தேன். தோல் கிடங்கில் கொஞ்ச நாள், காட்கோபரில் ஒரு மளிகைக் கடையில் கொஞ்ச நாள். அப்புறம் பண்ணையில் புல் பிடுங்கத் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். எட்டு வருஷம் புல் பிடுங்கினேன். ஒன்பதாவது வருஷம் நிரந்தரமாக்கினார்கள். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, புல்தான்.

நிரந்தரமான சமயத்தில்தான் டாக்டர் வைதேகி எங்கள் பிரிவுக்கு வந்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ரயில்வே ஆபீசில் இருந்தவர். வயலில் குடை பிடிக்க மாட்டார். கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவார். மழைத்துளி பட்டாலும் வியர்வை பட்டாலும் பேனா எழுத்து கரைந்துவிடும், பென்சில் கரையாது என்பது அவர் சட்டம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனால் ஒரு கேள்வி வைத்திருந்தார். நாம் போய் எதையாவது சொன்னால், எழுதுவதற்கு முன்னால் பென்சிலை நிறுத்திக் கேட்பார்: “பாத்தேளா, நெனச்சேளா?”

பாத்தி காய்ந்துவிட்டது என்று ஒருநாள் சொன்னேன். கேட்டார். நேற்றைக்கே காய்கிற மாதிரி இருந்தது, இன்றைக்குக் காய்ந்திருக்கும் என்றேன். “அப்போ நெனச்சேள். போய்ப் பாத்துட்டு வாங்கோ.” கால் கிலோமீட்டர் சேற்றில் போய் வந்தேன். பாத்தி காயவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதியிருப்பேன். இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரியாததால் தப்பித்தேன்.

நெல்லை ஒட்டுச் சேர்க்கிற வேலையை அவர்தான் கற்றுத் தந்தார். நெல் பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் சாதி. அதனால் அது திறப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலமே போய், உமியின் நுனியைக் கத்தரியால் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கிற ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தங்கினாலும் போச்சு. நடுவில் இரண்டு இறகு மாதிரி இருக்கும், அதைத் தொடவே கூடாது. எடுத்ததும் கதிருக்கு எண்ணெய்க் காகிதப் பை மாட்டி, தேதி எழுதி, மறுநாள் பத்து மணி வெயிலில் வேறொரு நெல்லின் கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் தட்ட வேண்டும். பத்துப் பூவில் இது செய்தால் எனக்கு ஏழு பிடிக்கும். படித்துவிட்டு வந்தவர்களுக்கு மூன்று பிடித்தால் பெரிய விஷயம். என் கை தோல் கிடங்கில் பழகிய கை, நடுங்காது.

அப்படி நாங்கள் சேர்த்தது இரண்டு நெல்லை. ஒன்று கொங்கண் உப்பு நிலத்துச் சிவப்பு நெல். ஆள் உயரம் வளரும், காற்றடித்தால் படுத்துவிடும், விளைச்சல் கொஞ்சம். ஆனால் கடல் தண்ணீர் ஏறினாலும் சாகாது. இன்னொன்று குட்டை வெள்ளை நெல். நன்றாக விளையும். உப்புப் பட்டால் ஒரே வாரத்தில் வைக்கோல். முதலாவதின் தைரியம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து அதை மட்டும் இரண்டாவதுக்குள் கொண்டுவர வேண்டும். இதுதான் மேடத்தின் வேலை.

இது ஒரு ஜீன் செய்கிற காரியமாக இருந்தால் சுலபம். அப்படி இல்லை. எங்கள் சந்தில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மாடிக்கு ஏற்றுகிறபோது எட்டுப் பேர் கை வைப்பார்கள். கீழே நின்று பார்க்கிறவனுக்கு எட்டுப் பேரும் தூக்குகிற மாதிரித்தான் இருக்கும். உண்மையில் பாரம் மூன்று பேர் தோளில். மற்றவர்கள் தொட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவன் ‘பாத்து, பாத்து’ என்று கத்துவதோடு சரி. தூக்குகிற அந்த மூன்று பேர் யார்? நூற்றெண்பது தடவை, ஒவ்வொரு தடவையும் ஆட்களைக் கலைத்துப் போட்டுத் தொட்டியைத் தூக்கச் சொல்ல வேண்டும். யார் யார் சேர்ந்தபோது தொட்டி மேலே போனது, யார் இல்லாதபோது நடுப்படியில் நின்றது என்று எழுதிக்கொண்டே வந்தால் ஆள் பிடிபட்டுவிடுவான். நெல்லிலும் அதுதான். அந்த இரண்டு நெல்லின் வாரிசுக் குடும்பங்கள் நூற்றெண்பது. ஒவ்வொன்றிலும் அப்பன் துண்டும் அம்மா துண்டும் வேறு வேறு விதமாகக் கலந்திருக்கும். இலையை நறுக்கி லேபில் கொடுத்தால் எந்த இடத்தில் யார் துண்டு என்று சொல்லிவிடுவார்கள். வயலில் உப்புத் தண்ணீர் கட்டி எது நிற்கிறது, எது வாடுகிறது என்று நாங்கள் மார்க் போடுவோம். ஒன்று என்றால் அசையாமல் நிற்கிறது. ஒன்பது என்றால் செத்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் எந்த இடம் பாரம் தூக்குகிறது என்று தெரியும்.

ஆனால் ஒன்று. எந்தத் தடவை யார் கை வைத்தார்கள் என்ற பட்டியல் மாறிப்போனால் எல்லாம் பாழ். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு செடியிலிருந்து ஒரே ஒரு நெல்லை எடுத்து அடுத்த போகத்துக்கு விதைக்க வேண்டும். முதல் தடவை அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் விவசாயி மகன். ஒவ்வொரு கதிரிலும் இருப்பதிலேயே திரட்சியான, மினுமினுப்பான நெல்லாகத் தேர்ந்தெடுத்தேன். மூன்று செடி சோகையாக இருந்தது. அவை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். உறைகளை அடுக்கி மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன், பாராட்டுவார் என்று.

ஒரு உறையைக் கையில் கொட்டிப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று.

“முத்து, இதெல்லாம் நீங்க பொறுக்கி எடுத்தேளா?”

“ஆமா மேடம். நல்ல மணியாப் பாத்து எடுத்திருக்கேன். சொத்தை ஒண்ணு கெடையாது.”

“அதான் தப்பு. மோசமானதும் வேணும் நமக்கு. நல்லதை மட்டும் சேத்து வெச்சுண்டா, அது ஏன் நல்லதுன்னு எதோட ஒப்பிட்டுச் சொல்றது?”

“எங்க ஊர்ல இப்பிடிச் சொத்தைய வெதைச்சா அப்பன் அடிப்பாரு மேடம்.”

“இங்க வெதைக்கலேன்னா நான் அடிப்பேன்.” சிரிக்காமல்தான் சொன்னார்.

நல்லவேளை, மிச்சக் கதிர்களைக் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கதிரில் விரல் வைத்து, எது அகப்படுகிறதோ அது. ஒதுக்கிய மூன்று செடிகளையும் சேர்த்தேன். அதில் ஒன்றுதான் பிற்பாடு நூற்றுப் பதினேழாம் குடும்பம். அதை மாதிரி ஒரு சவலையை நான் பார்த்ததில்லை. முழங்கால் உயரம், அடித்தண்டில் ஊதா நிறம், மேல் இலை ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருக்கும். கதிருக்கு நாலு மணி பிடிக்கும். ஆறு தலைமுறை அதைச் சாகாமல் காப்பாற்றினேன். தனியாகத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் விட்டேன், எலிக்கு வலை கட்டினேன். என் மனைவி இசக்கியம்மாள் அப்போது கேட்டாள்: “ஏங்க, நம்ம மூத்தவளுக்குக் காச்சல் அடிக்கப்போ லீவு போடல, நெல்லுக்குச் சளி புடிச்சிருக்குன்னு ஞாயித்துக்கிழமை ஓடுதீயளே?” அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

ஏழாவது தலைமுறையில் குடும்பங்கள் நிலைத்தன. பெரிய சோதனை அந்த மழைக்காலத்தில். நூற்றெண்பது குடும்பங்களையும் மூன்று வயல்களில் தனித்தனியாக நட வேண்டும். ஒவ்வொரு வயலிலும் பத்து வரிசை, வரிசைக்குப் பதினெட்டுப் பாத்தி. எந்தக் குடும்பம் எங்கே என்பது ஒவ்வொரு வயலுக்கும் வேறாகக் குலுக்கிப் போட்டிருக்கும். அது ஃபீல்டு புக்கில் மட்டும் இருக்கும். வயலில் ஊன்றுகிற குச்சியில் இடத்தின் எண்தான். மார்க் போடுகிறவனுக்கு இது எந்தக் குடும்பம் என்று தெரியக் கூடாது, தெரிந்தால் வேண்டியதற்குக் கூடக் கொடுப்பான் என்று மேடம் அப்படி வைத்திருந்தார்.

முதல் வயலை என் ஆட்களோடு நானே நட்டேன். அன்று மாலை பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. ஹார்பர் லைன் முழுக்கத் தண்ணீர், ரயில் இல்லை. மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நாற்று வயதாகிக்கொண்டிருந்தது, காத்திருக்க முடியாது. அமோல் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் மேடத்திடம் இருந்தார். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர், பண்ணைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அவர் மான்குர்டிலிருந்து கான்ட்ராக்ட் பெண்களை வரவழைத்து மீதி இரண்டு வயலையும் நட்டு முடித்துவிட்டார். மூன்றாம் நாள் நான் வந்து பார்த்தபோது நாற்று அழகாக நின்றது. குச்சிகளும் ஊன்றியாகிவிட்டது. நல்ல வேலை என்று நானே சொன்னேன்.

பிறகு கழிமுகத்தின் ஏற்றத் தண்ணீரை மதகு வழியாக எடுத்து, நல்ல தண்ணீரோடு கலந்து மூன்று வயலுக்கும் கட்டினோம். உப்பின் அளவை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பேன், அப்புறம் மீட்டர். மீட்டர் என்னோடு ஒத்துப்போகும்.

மார்க் போட்டது நானும் மேடமும். தனித்தனியாக நடப்போம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது, வயலில் பேசவும் கூடாது. மூன்று வாரத்தில் இரண்டு தடவை. இரண்டு நோட்டையும் ஒப்பிட்டால் நூற்றுக்கு ஐந்தாறு இடத்தில்தான் வித்தியாசம் இருக்கும்.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் அமோல் கணக்கைப் போட்டு முடித்தார். மேடத்தின் அறையில் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். பாரம் தூக்குகிற இடம் இருந்தால் அந்த இடத்தில் கோடு மலை மாதிரி எழும்ப வேண்டும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அறையில் அதிகாரி ஒருவரும் இருந்தார். வேறொரு பிரிவுக்கு நிலம் வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை டிராக்டர் வரும், இந்த விதைகளைக் குளிர் அறையில் வைத்து மூடிவிடலாம் என்றார். மேடத்துக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது.

அமோல்தான் அதைச் சொன்னார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: “மேடம், லேப் ரிப்போர்ட் சரியாக இருக்கிறது. தப்பு இருந்தால் மார்க்கில்தான் இருக்கும். காகா நல்லவர்தான், ஆனால் நாலாம் கிளாஸ் படித்தவரை நம்பி ஸ்கோரிங் விட்டிருக்கக் கூடாது.”

நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன். என் காதுபடச் சொன்னார். பின்னால் பேசுகிற ஆள் இல்லை அவர், அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். மேடமும் அதே அளவு மார்க் போட்டிருந்தார். ஆனால் தப்பு என்றதும் எல்லோர் கண்ணும் என் பக்கம்தான் திரும்பியது. அந்த இடத்தில் முடிவு செய்தேன், இந்தப் பேரோடு இந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்று.

“அந்தப் புக்கை ஒரு தடவ குடுங்க மேடம்,” என்றேன்.

மார்க் போட்டாகிவிட்டதால் இனி ஒளிக்க வேண்டியதில்லை. ஃபீல்டு புக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். முதல் வயலில் புத்தகம் சொன்ன இடத்தில் நூற்றுப் பதினேழு நின்றது. மூன்றாம் வயலில் நான்காவது வரிசை, மேற்கு வரப்பிலிருந்து மூன்றாவது பாத்தி என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு தடியன் நிற்கிறான். என் சவலை எங்கே? தேடிக்கொண்டே நடந்தேன். அதே வரிசையில், கிழக்கு வரப்பிலிருந்து மூன்றாவது பாத்தியில், முழங்கால் உயரத்தில் இலையை முறுக்கிக்கொண்டு நின்றது. மார்க் போடும்போதே அதை அங்கே பார்த்திருக்கிறேன். குச்சியில் வெறும் இட எண்தானே, அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரிந்த ஐந்தாறு குடும்பங்கள் புத்தகத்தின்படி இருந்தன. ஆறாவது வரிசை, தலைகீழ். எட்டாவது, தலைகீழ். இரண்டாம் வயலிலும் அப்படியே.

அங்கிருந்து நேராக மான்குர்டுக்குப் போய் லக்ஷ்மிபாயைப் பிடித்தேன். நட்ட பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி. ஒவ்வொரு குடும்பத்து நாற்றையும் ஒரு முடியாகக் கட்டி, புத்தக வரிசைப்படி பெட்டியில் அடுக்கித்தான் அமோல் கொடுத்திருக்கிறார். எப்படி நட்டீர்கள் என்று கேட்டேன்.

“அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. அப்புறம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி,” என்றார்.

“ஏன், ஒவ்வொரு வரிசைக்கும் மேற்கு வரப்புக்குத் திரும்பிப் போகவில்லையா?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலி ஹாத் வாபஸ் கௌன் ஜாயேகா ரே பாபா? முழங்கால் சேறு, தலைக்கு மேல மழை, வெறுங்கையோட பதினெட்டுப் பாத்தி திரும்பி நடக்கணுமா? நீ நடப்பியா?”

நடக்க மாட்டேன். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நட்டேன். மேடம்தான் வரிசைக்கு வரிசை திரும்பி நடக்கப் பழக்கினார். நடுகிற ஜனம் முழுக்கப் பாம்பு போகிற மாதிரித்தான் நடும். அது அமோலுக்குத் தெரியாது. நட்டு முடித்த பிறகு அவர் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு வரிசைக்கும் மேற்கிலிருந்து குச்சி ஊன்றிவிட்டார். முடியில் கட்டிய அட்டைகள் சேற்றோடு போய்விட்டன. ஆக, இரண்டு வயல்களில் பாதி வரிசைகளில் வேறொருவன் பெயரில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். கோடு எப்படி எழும்பும்?

மறுநாள் காலையில் மேடத்திடம் சொன்னேன். பென்சில் நின்றது.

“பாத்தேளா, நெனச்சேளா?”

“பாத்தேன் மேடம்.”

“நெல்லு முகத்தைப் பாத்து அடையாளம் சொல்றேன்னா யாரும் ஒத்துக்க மாட்டா, முத்து.”

“ஒத்துக்க வேண்டாம். நீங்களே எந்தப் பாத்தி வேணுமோ சொல்லுங்க. அது யாருன்னு நான் சொல்லுதேன். எலைய நறுக்கி லேபுக்கு அனுப்புங்க. பொய்யின்னா நானே குளிர் ரூம்ல வெதைய அடுக்கிட்டுப் போயிருதேன்.”

அவர் இருபது பாத்திகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொன்றிலும் நின்று நான் எண்ணைச் சொல்ல, அவர் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, அமோலையும் என்னையும் அதன் மேல் கையெழுத்துப் போடச் சொன்னார். இலைகள் லேபுக்குப் போயின. ரிப்போர்ட் வர ஐந்து நாள் ஆகும். டிராக்டரோ திங்கட்கிழமை. மேடம் அதிகாரியிடம் ஒரு வாரம் கேட்டார், அவர் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்றத் தண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் போய், வண்டிப்பாதைப் பக்கத்து மதகை நான்தான் திறந்துவிட்டேன். இதை இன்றைக்குத்தான் வெளியே சொல்கிறேன். திங்கட்கிழமை பாதை முழங்கால் சேறு. டிராக்டர் பாதி தூரம் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை வெளியே இழுக்கவே இரண்டு நாள், பாதை காய இன்னும் நாலு நாள். விசாரணை வைத்தார்கள். மதகின் மரம் இற்றுப்போயிருக்கிறது என்று ஆறு மாதமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், யாரும் மாற்றவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

ரிப்போர்ட் வந்தது. உறையைக் கிழித்து அமோலே படித்தார். இருபதில் பத்தொன்பது சரி. இருபதாவது இடத்தில் நாற்று செத்துப்போனதால் வேறெங்கிருந்தோ பிடுங்கி ஊன்றியிருக்கிறார்கள், லக்ஷ்மிபாய் ஒப்புக்கொண்டார். அமோல் அன்றைக்கே உட்கார்ந்து வரிசைகளைத் திருப்பிப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். தரையில் கிடந்த கோடு மூன்று இடத்தில் எழுந்தது. ஒன்று நல்ல உயரம், இரண்டு குன்று. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அமோல் திரும்பி என்னிடம், “காகா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு,” என்றார்.

“எதச் சொல்லுதீங்க, பாத்ததயா நெனச்சதயா?” என்று தமிழில் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்தது. அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த மூன்று இடங்களையும் வெள்ளை நெல்லுக்குள் கொண்டுவர அதற்குப் பிறகும் பல வருஷம் ஒட்டுச் சேர்த்தேன். ஓய்வு பெறுகிற மாதம் வரை இடுக்கி என் கையில் இருந்தது. அப்படி வந்ததுதான் விழா எடுத்த அந்த நெல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இடங்களைக் கண்டுபிடித்த கட்டுரை பெரிய பத்திரிகையில் வெளிவந்தது. மேடம் ஒரு பிரதி கொடுத்தார். என் இளைய மகள் படித்துச் சொன்னாள். மேலே விஞ்ஞானிகள் பெயர். கடைசியில் பொடி எழுத்தில், பண்ணைப் பணியாளர்களுக்கு நன்றி. வரிசை மாறியது பற்றி ஒரே வாக்கியம்: ‘நடவு வரிசையில் இருந்த பிழை கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது.’ யார் கண்டறிந்தது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.

மேடத்திடம் போனேன். அப்போது அவர் ஓய்வு பெற்று மாட்டுங்காவில் இருந்தார். காபி கொடுத்தார்.

“உங்க பேரை நான் எழுதித்தான் அனுப்பிச்சேன், முத்து. மேல எடுத்துட்டா.”

“எடுத்தத நீங்க பாத்தீங்களா மேடம், இல்ல நெனச்சீங்களா?”

தன் டம்ளரைக் கீழே வைத்தார். “எடுக்கச் சொன்னா. நான்தான் எடுத்தேன். வழக்கமில்லேன்னா. நான் சண்டை போடலை.”

பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன். ஆனால் மதிப்பது வேறு, விட்டுக்கொடுப்பது வேறு.

பலகையைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அமோலுக்கும் போன் செய்தேன். இப்போது அவர் பெரிய டாக்டர், ஆறு பெயரில் மூன்றாவது பெயர். “காகா, நீங்கள் இல்லாமல் அந்த நெல் இல்லை, எல்லோருக்கும் தெரியும்,” என்றார். எல்லோருக்கும் தெரிந்ததைக் கல்லில் எழுத என்ன கஷ்டம் என்று கேட்டேன். யோசனை செய்து ஆராய்ச்சி பண்ணியவர்களைத்தான் போடுவது விதி, கைவேலைக்குப் போடுவதில்லை என்றார். இருபது பாத்தியில் நின்று யார் யார் என்று நான் சொன்னது கைவேலையா? அதற்கு, மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார்.

அவர் பேசட்டும். நானும் இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். மகள் இங்கிலீஷில் தட்டச்சு செய்தாள், சொன்னது நான். எனக்குச் சால்வை வேண்டாம், மேடையில் நாற்காலி வேண்டாம். ‘பண்ணைப் பணியாளர்கள்’ என்று கூட்டத்தோடு சேர்த்து ஒரு நன்றியும் வேண்டாம். ‘சுடலைமுத்து: ஒட்டுச் சேர்த்தவர், நூற்றெண்பது குடும்பங்களை வளர்த்தவர், நடவு வரிசை மாறியதைக் கண்டுபிடித்தவர்’ என்று இருக்க வேண்டும். லக்ஷ்மிபாயின் பெயரையும் போடுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் நான் இன்னும் இரண்டு நாள் அலைந்திருப்பேன். என் பெயருக்குக் கீழே போடலாம்.

இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் அடுத்த கடிதம் போகும், அதற்கும் வராவிட்டால் நானே போவேன். இடம் இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. ஆறாவது பெயருக்குக் கீழே கல் வெறுமையாகத்தான் இருக்கிறது. விழா கூட்டம் டிபன் சாப்பிடப் போனபோது நான் உள்ளங்கையை வைத்து அளந்துவிட்டேன். மூன்று வரி தாராளமாகப் பிடிக்கும்.